குறைந்த விலை ஃப்ளாஷ்: பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்கலாமா?

பெங்களூரில் புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு முதல் வேலை பெரும்பாலும் உறவுக்குள்ளிருந்துதான் வருகிறது. அத்தை மகளின் சீமந்தம், நண்பரின் கிரகப்பிரவேசம், அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு சின்ன மண்டபத்தில் நடக்கும் காதுகுத்து. கையில் இருப்பது கேனன் 1500டி போன்ற தொடக்கநிலைக் கேமராவும் அதோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸும். அந்த லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் அபர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. மண்டபத்து விளக்கை மட்டும் நம்பினால் ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும், மாப்பிள்ளை தலையைத் திருப்பினாலே படம் மங்கும். தனியாக ஒரு ஃப்ளாஷ் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கிறது. கடையில் விசாரித்தால் இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளும் காட்டுகிறார்கள், ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளும் காட்டுகிறார்கள். பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் எண்களோ ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன.

இந்தக் குழப்பத்தில் வாங்குபவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்: சக்தியைக் குறிக்கும் எண், தானாகவே ஒளியை அளக்கும் வசதி, கேமராவில் இருக்கும் அதே கம்பெனிப் பெயர். மூன்றும் பயனற்றவை அல்ல. ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒளி எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ, அந்தத் திசையிலிருந்து அதை வரவைக்க இந்த ஃப்ளாஷ் இடம் கொடுக்குமா? தலையைத் திருப்ப முடியுமா, கேமராவை விட்டுக் கழற்றித் தள்ளி வைத்து இயக்க முடியுமா? இதற்கு ஆம் என்ற பதில் தரும் ஐந்தாறாயிரம் ரூபாய் ஃப்ளாஷ், இல்லை என்ற பதில் தரும் எந்த ஃப்ளாஷையும்விட நல்ல படம் தரும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த எண். கைடு நம்பர் என்பது தூரத்தையும் அபர்ச்சரையும் பெருக்கி வருவது, ஐ.எஸ்.ஓ. 100-க்குக் கணக்கிட்டுச் சொல்வார்கள். எண் 36 என்றால் எஃப்/4 வைத்து 9 மீட்டர் தூரம் வரை முகத்துக்குப் போதுமான ஒளி விழும். இதுவரை நேர்மையான கணக்குதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஃப்ளாஷின் தலைக்குள்ளே ஒரு ஜூம் இருக்கிறது. 200 மி.மீ. நிலையில் ஒளி குறுகிய கற்றையாகக் குவிவதால் எண் பெரிதாகிறது, 35 மி.மீ. நிலையில் ஒளி விரிவதால் எண் சுருங்குகிறது. கேனனின் 600 ஈ.எக்ஸ்-ஆர்.டி. என்ற பெயர்பெற்ற ஃப்ளாஷே 200 மி.மீ.-இல் 60 என்றும் 35 மி.மீ.-இல் 36 என்றும்தான் தன் கையேட்டில் சொல்கிறது. எண்ணில் பாதியளவு வித்தியாசம்போலத் தோன்றினாலும், ஒளியின் அளவில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. யோங்நுவோ நிறுவனத்தின் ஒய்.என்.560 வரிசையின் எண் 58, ஆனால் அது 105 மி.மீ.-க்குச் சொன்னது. கோடாக்ஸ் நிறுவனத்தின் டி.டி.600-இன் எண் 60, அது 200 மி.மீ.-க்குச் சொன்னது. 58-ஐவிட 60 பெரியது என்று எண்ணி இரண்டாவதை வாங்குபவர் ஏமாறுகிறார். இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது. குடும்ப விழாக்களில் நாம் எடுப்பது 24 மி.மீ.-க்கும் 50 மி.மீ.-க்கும் இடைப்பட்ட காட்சிகள். அந்த வேலைக்கு, இந்த அளவிலான பெரிய தலை கொண்ட ஃப்ளாஷ்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சக்தி கொண்டவை என்று வைத்துக்கொள்வதில் பிழை இல்லை.

அந்தச் சக்தி எவ்வளவு தேவை என்பதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பழைய பெங்களூரின் சிறிய மண்டபம் ஒன்றில், மணமக்களின் அறையில், கூரை 3 மீட்டர் உயரத்தில் வெள்ளைச் சுண்ணாம்போடு இருக்கிறது. மணமகள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஃப்ளாஷை நேராக அவர் முகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: நெற்றி வியர்வை பளபளக்கும், பட்டுச் சேலையின் ஜரிகை கண்ணைக் கூசும், பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். தலையைக் கூரையை நோக்கித் திருப்பினால் ஒளி மேலே போய்ச் சிதறி, கூரையின் ஒரு பெரிய பரப்பே விளக்காக மாறி, மேலிருந்து மென்மையாக இறங்கும். ஒளி கடக்கும் பாதை 3 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டராக நீள்கிறது. சிதறலில் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்) ஒளி வீணாகிறது. அப்படியும் ஐ.எஸ்.ஓ. 800, எஃப்/4 வைத்தால், கைடு நம்பர் 36 உள்ள ஃப்ளாஷ் தன் முழுச் சக்தியில் நான்கில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ செலவழித்தாலே போதும். முழுச் சக்தி தேவைப்படவே இல்லை. இன்னும் சக்தி வாய்ந்தது வேண்டும் என்று கூடுதலாகச் செலவழிக்கும் பணம் அந்த அறையில் ஒரு படத்தையும் மேம்படுத்தாது. திரும்பாத தலை கொண்ட மலிவு ஃப்ளாஷோ, அதே அறையில் ஒவ்வொரு படத்தையும் கெடுக்கும்.

இதே கணக்கு அடுத்த இடத்தில் தலைகீழாகிறது. நகரின் விளிம்பில் எழும்பியிருக்கும் புதிய கன்வென்ஷன் ஹால்களில் கூரை 8 மீட்டர் உயரத்தில் இருக்கும். பழுப்பு நிற மரப்பலகையோ வண்ண விளக்குகள் பதித்த ஃபால்ஸ் சீலிங்கோ போட்டிருப்பார்கள். ஒளி ஏறி இறங்கவே 13 மீட்டர் ஆகிவிடும். முழுச் சக்தியில் அடித்தாலும் போதாது, போதுமான ஒளி வந்தாலும் மரத்தின் பழுப்பைப் பூசிக்கொண்டுதான் வரும். அங்கே உதவுவது மேடையோரத்தில் ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் வெள்ளைக் குடை, குடைக்குள் அந்த ஃப்ளாஷ். கேமராவின் தலையில் ஒரு சிறிய ட்ரிக்கர் அதை வானொலி அலையால் இயக்கும். இந்தக் காரணத்தால்தான் உள்ளேயே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிசீவர் பதித்த ஃப்ளாஷைத் தேடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. விலை இன்னும் குறைந்த சில மாடல்களில் இன்னொரு ஃப்ளாஷின் ஒளியைப் பார்த்து இயங்கும் கண் மட்டும் இருக்கும். வீட்டில் தனியாக எடுத்துப் பழக அது போதும். கல்யாண மேடை முன் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் மாமா தன் கேமராவில் ஒரு ஃப்ளாஷ் அடித்தாலும் உங்கள் ஃப்ளாஷ் சேர்ந்தே அடித்துவிடும். நீங்கள் அழுத்தும் நேரத்தில் அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆக, தேட வேண்டியது இது: மேலும் கீழும் இடமும் வலமும் திரும்பும் தலை, சக்தியை 128-இல் ஒரு பங்கு வரை கையாலேயே குறைக்கும் வசதி, உள்ளே ரேடியோ. டி.டி.600 இந்த மூன்றையும் தருகிறது. விலை ஐந்தாறாயிரத்தைச் சுற்றியே நிற்கிறது. யோங்நுவோவின் ஒய்.என்.560 நான்காம் பதிப்பும் அதே வகை. இரண்டில் எதை எடுத்தாலும், பின்னால் வாங்கப்போகும் ட்ரிக்கரும் இரண்டாவது ஃப்ளாஷும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கம்பெனியின் ரேடியோ இன்னொரு கம்பெனியோடு பேசாது. முதல் ஃப்ளாஷை வாங்கும்போதே அடுத்த ஐந்தாண்டுக்கான குடும்பத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். இன்று கோடாக்ஸ் குடும்பத்தில் மலிவான கையியக்க ஃப்ளாஷிலிருந்து ஸ்டுடியோ விளக்கு வரை ஒரே ட்ரிக்கரில் இயங்குகின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இந்தப் பரிந்துரைக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு, அது நம் ஊரில் மிகப் பலரைப் பாதிக்கும் விலக்கு. கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் நடுவில் பெரிதாக ஓர் உலோகப் புள்ளி இருக்கும். எல்லாக் கம்பெனி ஃப்ளாஷுக்கும் பொதுவாக ‘அடி’ என்று கட்டளை போவது அதன் வழியாகத்தான். கேனன் தன் தொடக்கநிலை வரிசைகளில், 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில், அந்த நடுப்புள்ளியை எடுத்துவிட்டது. 2019-இல் இது உலகெங்கும் பேசப்பட்டது. இந்தியாவில் மாணவர்களும் புதியவர்களும் அதிகம் வாங்கும் கேமராக்கள் இவைதான் என்பதால் இழப்பு நமக்கே அதிகம். நடுப்புள்ளியை மட்டும் நம்பும் டி.டி.600 போன்ற ஃப்ளாஷை இவற்றின் தலையில் மாட்டினால் அது அடிக்கவே அடிக்காது. பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பொருளில் பழுது எதுவும் இல்லை. இந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் கேனனுக்கென்றே செய்த, ஒளியைத் தானாகவே அளக்கும் டி.டி.எல். வகைக்கு, உதாரணமாக டி.டி.685-இன் கேனன் பதிப்புக்குப் போக வேண்டும். பத்தாயிரத்தைச் சுற்றி ஆகும். அதையும் கேமராவைக் கடைக்கு எடுத்துப்போய் மாட்டி, அடித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். சோனி கேமராக்களின் ஷூ அமைப்பே வேறு. அவற்றுக்கென்று தனிப் பதிப்புகள் வருகின்றன. பெட்டியின்மேல் கம்பெனிப் பெயர் பொருந்தினால் போதாது, எந்தக் கேமராவுக்கான பதிப்பு என்ற கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். டி.டி.எல். இல்லாமல் கல்யாண வேலை செய்ய முடியுமா? விருந்தினர் நடந்துகொண்டே இருக்கிறார்கள், தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு படத்துக்கும் சக்தியைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் தாலி கட்டும் நொடி போய்விடும். நேராக அடிக்கும் ஃப்ளாஷுக்கு இது முழு உண்மை. இரண்டு மீட்டரில் இருந்தவர் நான்கு மீட்டருக்கு நகர்ந்தால் அவர்மேல் விழும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடுகிறது, அதாவது இரண்டு ஸ்டாப். கூரையில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு அப்படி இல்லை. மேலே சொன்ன 3 மீட்டர் கூரை அறையில் பாதையின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டரிலிருந்து ஐந்து மீட்டராகத்தான் மாறும். ஒளி பாதியாகிறது, ஒரு ஸ்டாப் மட்டுமே. ரா கோப்பாக எடுத்தால் அந்த ஒரு ஸ்டாப்பைப் பிறகு சரிசெய்துவிடலாம். தவிர, டி.டி.எல். தன் அளவுகோலை நடுத்தரச் சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் வரிசையாக நின்றால் காட்சி மிகையாக ஒளிர்கிறது என்று முடிவுகட்டி, ஒளியைக் குறைத்து, எல்லோர் முகத்தையும் இருளடித்துவிடும். நம் விழாக்களில் இது அடிக்கடி நடக்கிறது. அப்படியும், காசு வாங்கிக்கொண்டு முகூர்த்தம் எடுக்கப்போகிறவர் டி.டி.எல். உள்ளதையே வாங்கட்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. பிறருடைய திருப்பித் தர முடியாத நேரத்துக்கு அவர் பொறுப்பு. கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்குக் கையியக்கமே நல்லது. சக்தியை ஒரு படி கூட்டினால் என்ன ஆகிறது, குடையை ஓரடி நகர்த்தினால் என்ன ஆகிறது என்று அவர் கண் பழகும். தானியங்கி அந்தப் பாடத்தை மறைத்துவிடும்.

ஃப்ளாஷே எதற்கு, ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு எல்.இ.டி. விளக்கு கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வீடியோவுக்கு எல்.இ.டி. தவிர வழியில்லை. படத்துக்கு வரும்போது ஒரு கணக்கு. 60 வாட் எல்.இ.டி. விளக்கு, ஷட்டர் திறந்திருக்கும் 60-இல் ஒரு பங்கு நொடியில் செலவழிக்கும் ஆற்றல் ஒரே ஒரு வாட்-செகண்ட். பெரிய தலை கொண்ட ஃப்ளாஷ் தன் ஒரு வெடிப்பில் அறுபது எழுபது வாட்-செகண்டைக் கொட்டுகிறது. எல்.இ.டி. மின்சாரத்தைச் சிக்கனமாக ஒளியாக்குகிறது என்று கழித்துக் கொடுத்தாலும் இடைவெளி பல மடங்கு. அதோடு ஃப்ளாஷின் ஒளி முழுச் சக்தியிலேயே சுமார் 300-இல் ஒரு பங்கு நொடிதான் நீடிக்கிறது. சக்தியைக் குறைக்கக் குறைக்க அது இன்னும் சுருங்குகிறது. அட்சதை பறக்கும் கணம் உறைந்து நிற்பது இதனால்தான். புதிய செல்போன்களும் ஃபுல்-ஃப்ரேம் கேமராக்களும் இருட்டில் நன்றாக எடுக்கின்றன என்பதும் உண்மையே. அவை இருக்கும் ஒளியைப் பெருக்கிக் காட்டும். மோசமான திசையிலிருந்து வரும் ஒளியை நல்ல திசைக்கு மாற்றாது. தலைக்கு நேர்மேலே எரியும் மஞ்சள் விளக்கு கண்குழியில் போடும் நிழல், எந்த ஐ.எஸ்.ஓ.விலும் நிழல்தான். எஃப்/1.8 லென்ஸ் வாங்கினால் போதும் என்பதும் பாதி உண்மை. இருவரை எடுக்க அது அழகு. மூன்று வரிசையில் நிற்கும் குடும்பத்தை எஃப்/1.8-இல் எடுத்தால் முதல் வரிசை மட்டுமே தெளியும்.

மலிவுப் பொருள் சீக்கிரம் செத்துவிடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. கேனன் தன் பெயரில் விற்கும் உயர்நிலை ஃப்ளாஷ்கள் மழைத்தூறலையும் தூசியையும் தாங்கும்படி செய்யப்பட்டவை; செய்திப் புகைப்படக்காரருக்கு அந்த விலை தகும். குடும்ப விழா எடுப்பவருக்கு, முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து ஒன்று வாங்குவதைவிட, பன்னிரண்டாயிரத்துக்கு இரண்டு வாங்குவது பாதுகாப்பு. ஒன்று நின்றுபோனால் மற்றொன்று கையில் இருக்கும், இரண்டும் வேலை செய்தால் முகத்துக்கு ஒன்று, பின்புலத்துக்கு ஒன்று. பழைய சரக்கு வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டிஜிட்டல் காலத்து கேனன், நிக்கான் ஃப்ளாஷ்கள் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பலவற்றில் ரேடியோ இல்லை என்பதால் தனியாக ரிசீவர் வாங்க வேண்டிவரும். ஃபிலிம் காலத்துச் சரக்கை, குறிப்பாக ஆரம்பகால விவிட்டார் 283 போன்றவற்றை, இன்றைய கேமராவில் மாட்டவே கூடாது. அவற்றில் சில ஷூவின் வழியே 200 வோல்ட்டுக்கு மேல் திருப்பி அனுப்புபவை. கேமராவின் மின்சுற்றே எரிந்துபோகலாம். பழுதான எந்த ஃப்ளாஷையும் வீட்டில் பிரிக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

ஆயுளைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் பேட்டரிதான். டி.டி.600 போன்றவற்றுக்கு நான்கு டபுள்-ஏ வேண்டும். தூக்கி எறியும் ஆல்கலைன் பேட்டரி முதல் ஐம்பது படத்துக்குப் பிறகு மெதுவாகிவிடும். அடுத்த வெடிப்புக்குத் தயாராகப் பல நொடி எடுக்கும். 2000 எம்.ஏ.ஹெச். அளவுள்ள நல்ல நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி எட்டு வாங்கி, நான்கு நான்காகப் பிரித்து, எப்போதும் ஒரே கூட்டமாகச் சேர்த்தே சார்ஜ் செய்து பயன்படுத்துங்கள். பெங்களூரின் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பெயர் தெரியாத உறையில் 4000 எம்.ஏ.ஹெச். என்று அச்சிட்டு விற்பதை நம்ப வேண்டாம். டபுள்-ஏ அளவில் அந்த வேதியியலால் அவ்வளவு கொள்ளவே முடியாது. முழுச் சக்தியில் விடாமல் அடித்தால் தலை சூடேறி முன்கண்ணாடி கருகும். கூரையில் அடித்து எட்டில் ஒரு பங்கில் வேலை செய்பவருக்கு இந்தத் தொல்லையே வராது.

ஃப்ளாஷை எடுக்கவே கூடாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து பெங்களூர்க் கரகம் புறப்படுகிறது. மல்லிகைப்பூக் கரகத்தைத் தலையில் ஏந்தியவரைச் சுற்றி வீரகுமாரர்கள் உருவிய வாளோடு ஓடுகிறார்கள், கூட்டம் நெருக்கியடிக்கிறது. தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தின் இந்த விழாவுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கேமராக்கள் வருகின்றன. அங்கே தலைக்குமேல் கூரை இல்லை, வானம்தான். ஃப்ளாஷ் நேராக முகத்தில்தான் விழும். கரகம் சாயாமல் ஓடுபவரின் கண்ணில், வாள் ஏந்தியவரின் கண்ணில், இருட்டில் திடீரென்று வெள்ளொளியைப் பாய்ச்சுவது ஆபத்து, அவமரியாதையும்கூட. பந்தங்களும் தெருவிளக்கும் கொடுக்கும் ஒளியில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி எடுங்கள். புள்ளி விழுந்தால் விழட்டும்.

புதிதாகத் தொடங்குபவர் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால், அவர் கேமராவில் நடுப்புள்ளி இருந்தால், நான் சொல்லும் வரிசை இதுதான்: கையியக்க ரேடியோ ஃப்ளாஷ் ஒன்று, அதே குடும்பத்து ட்ரிக்கர், எட்டு பேட்டரியும் சார்ஜரும், ஸ்டாண்ட், குடை, குடையையும் ஃப்ளாஷையும் பிடிக்கும் ஒரு பிராக்கெட். நடுப்புள்ளி இல்லாதவர் டி.டி.எல். ஃப்ளாஷும் பேட்டரியும் மட்டும் முதலில் வாங்கி, கூரையில் அடித்துப் பழகிவிட்டு, மற்றவற்றுக்கு அடுத்த மாதம் வரை பொறுக்கலாம். முடிவெடுக்கத் தயங்குபவர் நகரில் பல கடைகளில் கிடைக்கும் வாடகை ஃப்ளாஷை ஒரு வார இறுதிக்கு எடுத்துப் பார்க்கட்டும். 1971 முதல் இந்த ஊரில் இயங்கிவரும் யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி போன்ற அமைப்புகளில் விவரம் தெரிந்தவர்களைக் கேட்கட்டும். கடையில் ஜி.எஸ்.டி. பில்லும் இந்திய உத்தரவாத அட்டையும் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கேமராவிலேயே மாட்டி, தலையைக் கூரைப்பக்கம் திருப்பி, பத்துப் படம் எடுத்துப் பாருங்கள்.